முறைத்தண்ணி

இரவு ரெண்டேகாலுக்கு எங்கள் முறை.
வவுனிக்குளத்து இடதுகரை வாய்க்காலில் ஆறாவது மடை.
நாலு மணியானால் தண்ணி மரியநாயகத்தாரின் வயலுக்கு.
அவர் ஒரு நிமிசம் விட்டுத்தருகிற ஆளில்லை.

மதகு வரைக்கும் தெருவிளக்கு.
அதற்கப்பால் வரம்பும் நானும் மண்வெட்டியும்
கையில் போனுக்குள் இவரும்.
டோகாவில் அப்போது பன்னிரண்டுக்குக் கால்மணி இருந்தது.
"நான் லைனில நிக்கிறன், பயப்பிடாமல் நட" என்று
வீட்டுப் படலையிலிருந்தே கூட வருகிறார்.

ரோச்சைத் தட்டினேன். எரியவில்லை.
மேலிருந்து விரலால் இழுத்தால் இறங்குகிற படங்களில்
மற்றதெல்லாம் பளிச்சென்று கிடக்க
ரோச் மட்டும் சாம்பல் பூத்திருந்தது.
அழுத்தினேன். சட்டையில் தேய்த்தேன்.
நமத்த தீக்குச்சியை உரசுகிற மாதிரி
திரும்பத் திரும்ப.

இவர் அங்கே ஏசி பூட்டுகிறவர்.
எது பழுதென்றாலும் வரிசையாய்த்தான் கேட்பார்.
"பற்றரி எத்தினை வீதம்?"
அறுபத்தொன்று.
"சூடேறிக் கிடக்கோ?"
இந்தப் பனியில் என்ன சூடு.
"ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பார்.
இல்லையில்லை, நிப்பாட்டாதை, லைன் போயிடும்.
கவரைக் கழற்று. கண்ணாடியில சேறு அப்பியிருக்கும்."

கழற்றினேன்.
நாலாய் மடித்த துண்டொன்று விரலில் தடக்கியது.
"என்ன சரசரக்குது?"
"ரசீது."
"என்ன ரசீது?"
"பசளை ரசீது."

இருட்டுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.
காதில் தோடில்லாததை
பத்து நாளாய்த் தலைமயிரால் மூடித்தான்
இவரோடு கதைக்கிறேன்.
துண்டை இடுப்பில் செருகினேன்.

காட்டுக்கரையில் ஏதோ முறிந்தது.
யானையாயிருக்கலாம், வெறுங்காற்றாயுமிருக்கலாம்.
பதினொரு வயதில் எனக்குத் தந்த வேலை
மேலே வண்டு இரைந்தால் விளக்கை ஊதி விடுவது.
ஒருநாளும் பிந்தியதில்லை.
அணைக்கிறதில் கெட்டிக்காரக் கை இது.

"கொஞ்சம் பொறு" என்றார்.
மேல்தட்டுக் கட்டிலால் இறங்கி
எட்டுப்பேர் குறட்டை விடுகிற அறையைக் கடந்து
குளியலறைக்குள் போய்
ரியூப்லைற்றுக்கு நேரே தன் போனைத் தூக்கிப் பிடித்தார்.
முகம் போய், என் திரை முழுக்க வெள்ளை.
அதைக் கவிழ்த்தேன்.
டோகாவின் குளியலறை வெளிச்சம்
என் கால்விரலுக்கு முன்னால்
ஒரு சாண் அகலத்துக்கு விழுந்தது.
மடையை அடைத்திருந்த சேறும் வைக்கோலும் தெரிந்தன.
ஒரு கையால் போன், மறுகையால் மண்வெட்டி.
தவளையொன்று துள்ளி
அந்த வெளிச்சத்துக்குள் வந்து, யோசித்து, போனது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
"என்ன?" என்றார். "உங்களைப் பார்க்கத் தவளை வந்தது."

மூன்றாவது வெட்டில் அவர் குரல் இறங்கியது,
பழுது எங்கேயென்று பிடிபட்டவரின் குரல்.
"கமரா ஓடினா ரோச் எரியாதடி.
வீடியோவாலதான்.
நான் நிக்கிறபடியாத்தான் உனக்கு வெளிச்சமில்லை."

"வைக்கட்டோ?"
"வையுங்கோ."
ரெண்டு பேரும் வைக்கவில்லை.
காட்டுக்கரையில் மறுபடி முறிந்தது, இம்முறை கிட்ட.
நான்தான் சிவப்பைத் தொட்டேன்.

ஒரே தட்டு. எரிந்தது.
நான் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருந்தது வாய்க்கால்.
யானையில்லை. மாடு,
கயிறறுத்துக்கொண்டு வந்த யாரோவின் சிவலை,
கண்ணிரண்டும் பச்சையாய் என்னையே பார்த்தது.
இடுப்புத் துண்டு எப்போதோ நழுவி
சேற்றில் விரிந்து கிடந்தது.
வங்கியின் நீல முத்திரை,
மீட்கவேண்டிய திகதி,
எல்லாம் வாசிக்கக்கூடிய வெளிச்சம்.

போன் அதிர்ந்தது. "எரியுதோ?"
பிறகு, கொஞ்சம் பிந்தி:
"பசளை போன மாசமே வாங்கினதெல்லோ?"

விரலெல்லாம் சேறு.
தொட்டுப் பார்த்தேன், திரை ஏற்கவில்லை.
தண்ணி உள்ளே போய்க்கொண்டிருந்தது.
நாலு மணிக்கு இன்னும்
ஒன்றேகால் மணித்தியாலம் கிடந்தது.