சிவப்புக் கட்டம்

யஷ்வந்த்பூர் ஆய்வகம், இரவு பதினொன்றே கால்.
பழைய நோட்டுகளை மின்னேட்டில் ஏற்றுகிறேன்.

"போன வாரம் கலக்கிய அதே பஃபர்"
என்கிறது நாற்பத்தேழாம் பக்கம்.
எந்த வாரம்?
தேதி இருந்த இடத்தில் எத்தனால் சிந்தி
நீல மை குளமாகிக் கிடக்கிறது.

யாரந்தப் பொறுப்பற்ற ஆள் என்று
அட்டையைத் திருப்பினால்
என் பெயர், இனிஷியலோடு.

தேதியில்லாமல் நகரமாட்டேன் என்கிறது
திரையில் சிவப்புக் கட்டம்.
சும்மா பன்னிரண்டு என்று தட்டினேன்.
அழித்தேன்.
அழித்ததையும் மணி நிமிடத்தோடு
குறித்துக்கொண்டது.

ஃப்ரீசரைத் திறந்து பனி சுரண்டினேன்.
பெட்டி மேல் ருக்சானாவின் கிறுக்கல்:
"மழை. கரண்ட் போச்சு. பஃபர் புதுசு."

நல்ல தடயம்தான்.
ஆனால் பெங்களூரில்
அந்த மே மாதம்
எந்தச் சாயங்காலம்
மழை இல்லை?