எந்துக்கு

கரண்ட் போனால் பொதட்டூர்பேட்டையே திட்டும்.
தெருத்தெருவாகத் தறிகள் ஒரே மூச்சில் நிற்கும்.
பாதி நெய்த லுங்கிமேல் கையை வைத்தபடி
மின்வாரியத்தின் ஏழு தலைமுறையை ஆட்கள் விசாரிப்பார்கள்.
தனஞ்செயுலு மட்டும்
நூல் மூட்டையில் சாய்ந்து தூங்கிவிடுவான்.

ரெட்டெம்மா என்னிடம் முதலில் சொன்னது அதைத்தான்.
மகன் சோறு தின்னாததை அல்ல,
சட்டையைக் கிழித்துக்கொண்டு
ஏகாம்பரகுப்பம் வரை நடந்ததை அல்ல.
"கரண்ட் போனா தூங்குறான்மா,
அதுக்கு ஏதாச்சும் எழுதிக் குடு."

நானும் மாத்திரை போடுகிறவள்தான்.
ஒன்பது வருடமாக ராத்திரிக்கு ஒன்று.
அதனால்தான் இந்த வேலை:
ஒரு நோட்டு, ஒரு சைக்கிள்,
எப்போதாவது வரும் சம்பளம்.

இரண்டாம் செவ்வாய் வேன் வரும்.
சத்துணவுக்கூடத்தில்
முட்டை வேகும் வாசனைக்கு நடுவே டாக்டர் உட்காருவார்.
சின்னப் பையன், தேனிப் பக்கம், தெலுங்கு தெரியாது.
குரல் கேட்குமா, என்ன சொல்லும் என்றார்.
நான் தெலுங்கில் கேட்டேன்.
தனஞ்செயுலு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
எந்துக்கு எந்துக்கு எந்துக்கு.
நாடா இந்தப் பக்கம் போனால் ஒன்று
அந்தப் பக்கம் போனால் ஒன்று.
கேட்பவர்கள் ஏழு பேர்.

"எதுக்கு எதுக்குன்னு கேக்குதாம் சார்."
"எது எதுக்கு?"
"உயிரோட இருக்கிறது எதுக்குன்னு."

அந்தக் கடைசி வரியை அவன் சொல்லவில்லை.
அது என்னுடையது.
எனக்கு மாவுமில்லில் வந்தது, தமிழில்,
முழு வாக்கியமாக.
டாக்டர் எழுதி முடித்துவிட்டார்.

வெளியே குழாயடியில் அவனிடம் ஒப்புக்கொண்டேன்.
"நேனு செப்பலேதே" என்றான்.
வாய் கொப்பளித்தான்.
பிறகு, "ஆனா சரிதான்."

கார்டு ஆந்திரா. வேலை தமிழ்நாடு.
நகரியில் போனால் இந்தச் சீட்டு செல்லாது என்றார்கள்,
திருத்தணியில் போனால் அந்த ஆதார் ஆகாது என்றார்கள்.
செக்போஸ்ட்டில் ஒருவரும் எங்களை இறக்கவில்லை.
மூன்று டிக்கெட்டுக்குப் பத்துப் பேர்
எத்தனை முறை எல்லை தாண்டினோம்!

சான்றிதழ் தரும் அறையில்
மேசைக்குப் பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்:
"பார்த்தா நல்லாத்தானே இருக்கான்?"
ரெட்டெம்மா அன்றைக்கென்று கடன் வாங்கி
புதுச்சட்டை எடுத்துப் போட்டிருந்தாள்.
காலரில் குண்டூசி இன்னும் இருந்தது.
பழையதே போதும் என்று
நான் சொல்லியிருக்க வேண்டும்.
அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல?

தறி ஓனரிடம் நான்கு முறை போனேன்.
"மெஷின்ல கை போனா நீயா வந்து பதில் சொல்லுவ?"
அந்தக் கேள்வியில் தப்பில்லை.
பின்கட்டில் மடிக்கிற வேலை கொடுங்கள் என்றேன்.
பாதிக் கூலி என்றார்.
சண்டை போட்டேன்.
முக்கால் ஆனது.
முக்காலுக்கு ஏன் சம்மதித்தேன் என்று
சைக்கிள் மிதிக்கும்போது இன்னும் எரிகிறது.

சான்றிதழ் வரவில்லை.
மழை இரண்டு முறை வந்துவிட்டது.

போன வியாழன் மத்தியானம் கரண்ட் போனது.
தெரு வழக்கம்போல் வாயைத் திறந்தது.
பின்கட்டுக்கு ஓடினேன், பார்க்கத்தான்.
தனஞ்செயுலு விழித்திருந்தான்.
முழங்கால்மேல் ஒரு லுங்கி,
ஓரத்தோடு ஓரம் வைத்து நீவிக்கொண்டு.

"தூங்கலையா?"

"ஒக்கடே உன்னாடு" என்றான்.
ஆறு பேர் போய்விட்டார்கள்,
ஒருத்தன்தான் மிச்சம்.

"என்ன கேக்குறான்?"

காதைச் சாய்த்து ஒரு நிமிஷம் கவனித்தான்.
"கரண்ட் எப்போ வரும்ங்குறான்."

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம்
இதை அப்படியே சொல்ல வேண்டும்,
என் பங்குக்கு
ஒரு சொல்லும் சேர்க்காமல்.