பதினைந்து டன் நீலம்

தள்ளுபடியில் வந்தது. இரண்டு பெட்டி.
ஒன்றில் இரும்புக் கால்கள், மற்றதில் மடித்த நீலம்.
லிப்ஸ்டாட்டின் ஓரத்தில், ரயில் பாதைக்கு இப்பால்
எங்கள் வளவு சமதரை என்றுதான்
ஏழு வருடமாய் நம்பியிருந்தோம்.

கேதீஸ் மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். சரி என்றார்.
இரண்டு பகலும் ஓர் இரவும் குழாய் ஓடிற்று.
மூன்றாம் நாள் காலை
மேற்கு விளிம்புக்குக் கீழே ஒரு சாண்,
கிழக்கு விளிம்புக்குக் கீழே நாலு விரல்.
நிலம் மறைத்துவைத்த சாய்வைத்
தண்ணீர் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவ்வளவையும் கானுக்குள் விட்டு
மண் வெட்டி, மணல் கொட்டி, மறுபடி முதலிலிருந்து.
தண்ணீர்க் கட்டணம் வந்த அன்று
நாங்கள் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை.

பிறகுதான் அதன் வடிவம் கண்ணில் பட்டது.
யாரோ கல்யாணவீட்டில் சமைத்துவிட்டு
மறந்துபோன அண்டா.
"தீயணைப்புக்கா?" என்று கேட்டார்
திருமதி ஓல்பெர்ட், மாடி யன்னலிலிருந்து.
பகிடியா, முறைப்பாடா?
டொய்ச்சில் எனக்கு அந்த வித்தியாசம்
இன்னும் பிடிபடுவதில்லை.

சுற்றி நட்டு மறைப்பது என்று முடிவெடுத்தேன்.

மூங்கில் வேண்டாம், வேர் அடியால் வந்து
பிளாஸ்டிக்கைக் குத்தும் என்றான் நாற்றுக்கடைப் பையன்.
லாவெண்டர் வைத்தேன். தேனீ வந்தது.
நிவேனாவின் பாதம் வீங்கி, லாவெண்டர் முன்வாசலுக்குப் போயிற்று.
பன்னம் வைத்தேன். பிள்ளைகள் குதித்துத் தெறித்த குளோரினில்
ஓகஸ்ட்டிலேயே பழுத்துச் செத்தது.
சுற்றிவரக் கூழாங்கல் பரப்பினேன். வெயிலில் கல் கொதித்தது.
கல்லின் மேல் பலகை போட்டேன்.
ஹைட்ரேஞ்சியா மட்டும் வேறொன்றும் கேட்கவில்லை,
நல்ல தண்ணீரைத் தவிர.
பக்கத்தில் பதினைந்து டன் நிற்க
நான் அதற்கு வாளியில் சுமந்தேன்.

கிழக்கே, அந்த யன்னலுக்கு நேரே,
சீனநாணல் ஆறு தூறு.
உண்மையைச் சொன்னால் அது நீலத்தை மறைக்க அல்ல,
என்னை மறைக்க.
தரைக்குள் வெட்டிய குளத்தில்
இறங்குகிறவள் மறைந்துபோகிறாள்.
இதிலோ ஐந்து படி ஏறி,
நாற்பத்தாறு வயது உடம்பை
ஊருக்கு ஒருதரம் காட்டிவிட்டுத்தான்
இறங்கவேண்டும்.

முதல் வருடம் நாணல் முழங்காலுக்கு வந்தது.
நான் இருட்டிய பிறகே குளித்தேன்.
மூன்றாம் கோடையில் தலைக்கு மேலே நின்றது.
பட்டப்பகலில் ஏறினேன்.
மல்லாந்து கிடந்தேன், வானம் முழுக்க எனக்கு.

செப்டெம்பரில் ஒருநாள் குப்பை வாளியை உருட்டும்போது
திருமதி ஓல்பெர்ட் வேலியோரம் நின்றார்,
இடுப்பு அறுவைக்குப் பிறகு, ஊன்றுகோலோடு.
"புல் நன்றாக வந்திருக்கிறது" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"முந்தி மாலையில் உங்கள் தண்ணீரின் வெளிச்சம்
என் படுக்கையறைக் கூரையில் ஆடும்.
ஆஸ்பத்திரியால் வந்து படுத்துக்கிடந்து
அதைத்தான் தேடினேன்."
அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டார்.

பகிடியா, முறைப்பாடா என்று
இந்த முறை யோசிக்கவில்லை.

நடுத் தூறு ஒன்றைக் கிளப்ப அரை நாள் ஆயிற்று.
மண்வெட்டிப் பிடி உடைந்தது.
"விசரா உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே
கேதீஸ் கோடரி எடுத்துவந்தார்.
வேர் போன இடத்தில் ஒரு குழி,
அதற்கு மேலே
ஓர் ஆள் அகலத்துக்கு வெளி.

ஆறு மணிக்கு வெயில் சரிந்தது.
ஐந்து படியும் ஏறினேன், மெதுவாகத்தான்.
அந்த இடைவெளிக்கு நேரே போய் நின்று
கையால் தண்ணீரை அளைந்தேன்.
சும்மா கிடக்கிற தண்ணீர் வெளிச்சத்தை ஆட்டாது.

மேலே யன்னல்சீலை பாதி விலகியிருந்தது.
உள்ளே ஏதாவது ஆடிற்றா, எனக்குத் தெரியாது.
குளிர் தோள்வரை ஏறிவிட்டது.
இன்னும் கொஞ்ச நேரம் அளைந்தேன்.