பதினான்காம் எண்

பிழை என்று யார் பெயர் வைத்தார்களோ.
கேட்கும்போது தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்,
அவன் கேட்டுவிட்டான்.
இதில் பிழை எங்கே வந்தது?

செல்லூரில் இரவு இரண்டே கால்.
பின்வீட்டு விசைத்தறி ஓய்ந்து
என் மேசை விசிறி மட்டும் தலையாட்டுகிறது.
திரையில் மறுபடி அதே பதினான்கு:
தொட்ட முகவரியில் பக்கம் இல்லை.
பிராசசர் கையை விரித்துவிட்டு
என் கர்னலின் வாசலில் வந்து நிற்கிறது.

இல்லை என்பதிலும் வகை உண்டு.
யானைக்கல் பாலத்தில் நின்று பாருங்கள்:
வரைபடத்தில் நீலம், பதிவேட்டில் ஆறு,
கீழே ஆகாயத்தாமரையும் இரண்டு எருமையும்.
வைகை இல்லை என்று சொல்லிவிட முடியுமா?
எழுதிக் கொடுத்தாயிற்று, இன்னும் வந்து சேரவில்லை.
அழகர் இறங்கும் நாளுக்கு மட்டும்
கால் படும் முன்பே அணையைத் திறந்துவிடுவார்கள்.
சாதாரண ப்ராசஸுக்கு அந்தச் சலுகை கிடையாது.
கால் வைத்து, மணல் சுட்டு,
அப்புறம்தான் தண்ணீர்.

நான் பட்டியலைப் புரட்டுகிறேன்.
இந்த முகவரி இவனுடையதுதானா?
ஆமென்றால் ஒரு பக்கத்தைப் பூஜ்யத்தால் துடைத்து,
முன்பு இருந்தவனின் ஒரு எழுத்தும் மிஞ்சாமல்,
மாட்டிவிடுகிறேன்.
டிஸ்கில் கிடந்தால்
இவனைத் தூங்க வைத்துவிட்டு ஆள் அனுப்புகிறேன்.
இரண்டு பேர் ஒரே தாளைப் படிக்கும்வரை சும்மா இருந்து
ஒருவன் பேனா மூடியைக் கழற்றியதும்
நகல் எடுத்து நீட்டுகிறேன்.
இடமே இல்லையென்றால்
நெடுநேரம் யாரும் தொடாத பக்கத்தைக் கிளப்புகிறேன்.
பட்டியலில் பெயரே இல்லையென்றால்
கொன்றுவிடுகிறேன்.
வரவேண்டிய பாக்கி உள்ளவனும் வழி தவறியவனும்
ஒரே கதவைத்தான் தட்டுகிறார்கள்,
ஒரே மாதிரி.

நேற்று விடியலில் வாடிப்பட்டியில்
பால் சங்கத்து எடை எந்திரம் உறைந்துபோனது.
உள்ளே ஓடுவது நான் எழுதியது.
ஜெபக்கனி போனைத் தூக்கிப் பிடித்துக் கேட்க வைத்தாள்:
கேன்கள் உரசும் சத்தம், ஒரு கன்றுக்குட்டி,
"பாலு திரிஞ்சா ஒங்க கம்ப்யூட்டரா குடிக்கும்?"

இரண்டே முக்காலுக்கு அகப்பட்டது.
பட்டியலைத் திருத்த நான் பூட்டு போட்டிருக்கிறேன்.
போட்ட கையோடு
அவன் பையிலிருந்து ஒரு எண்ணை எடுக்கப் போயிருக்கிறேன்.
பை இருந்த பக்கம் இல்லை. பதினான்கு.
கொண்டுவரப் போனவன் அதே பூட்டைக் கேட்கிறான்.
பூட்டை வைத்திருப்பவன் நான்.
பூட்டுக்காகக் காத்திருப்பவனும் நான்.
அகிம்சாபுரம் சந்தில் எதிரெதிரே இரண்டு வேன் மாட்டும்,
யாராவது ஒருத்தர் முனகிக்கொண்டே ரிவர்ஸ் எடுப்பார்.
இங்கே ஒரே வேன்
தன் முகப்பு விளக்கைப் பார்த்தே
இருபத்து நான்கு மணி நேரமாக ஹார்ன் அடிக்கிறது.

திருத்தம் நான்கு வரி.
பூட்டும் முன் பையை ஒருமுறை தொட்டுப் பார்,
வரவேண்டியது வந்துவிடட்டும்.
பூட்டிய பிறகும் காணாமல் போனால்
அடம் பிடிக்காதே. விட்டுவிடு.
முதலிலிருந்து தொடங்கு.
வாடிப்பட்டிக்கு அனுப்பிவிட்டு
கால் நீட்டி உட்கார்ந்தேன்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் கூடல் நகர் தாண்டாமல்
நாற்பது நிமிடம் நின்ற நாட்கள் உண்டு.
விழித்தவன் ஜன்னலோரம் ரயில்வேயைத் திட்டுவான்.
மேல் பெர்த்தில் உறங்கியவனுக்கு
ரயில் நிற்கவே இல்லை.
ப்ராசஸும் அப்படித்தான்.
எந்தக் கட்டளையில் இடறியதோ அதிலேயே எழுந்து
அதையே மறுபடி செய்கிறது,
முதல் தடவை போல.
இடையில் ஒருவர் ஓடியாடியதற்கு
அதனிடம் சாட்சி கிடையாது.

ஐந்து நாற்பதுக்கு ஜெபக்கனியின் செய்தி:
உறையல. சோணைமுத்து, நாலு லிட்டர் எண்ணூறு.

அந்த ஒரு வரி சீட்டில் அச்சாவதற்குள்
பதினேழு தடவை இல்லை என்று நின்று
பதினேழு தடவை கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.
கணக்கு இருக்கிறது, யாரும் கேட்கவில்லை.
சோணைமுத்து சீட்டை மடித்துப் பையில் செருகி
கேனைக் கழுவப் போயிருப்பார்,
ஐம்பது மில்லி குறையுதே என்ற
சந்தேகத்தோடு.