விலைக்கட்டம்

குழந்தைகள் வார்டுத் தராசு இவனை ஏற்கவில்லை.
முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றது.
"வேற எங்கயாச்சும் எடை போட்டு
எழுதினு வாம்மா" என்றாள் நர்ஸ்.

வேறெங்கே.
காசிமேட்டில், விடியக்காலை ஏலம் தொடங்கும் முன்,
மீன் நிறுக்கும் இரும்புப் பலகையில்
மோனிஷை நிற்கவைத்தேன்.
ஐஸ் தண்ணி பாதத்தில் பட்டுச் சிலிர்த்தான்.
அறுபத்தாறு புள்ளி நாலு. வயசு ஏழு.
சீட்டு எழுதும் தேசிங்கு
பழக்கத்தில் விலைக்கட்டம் வரை பேனாவைக் கொண்டுபோய்
நிறுத்திக்கொண்டான்.

பூட்டு நாலு வைத்திருக்கிறேன்.
அரிசி டின்னுக்கு, பிரிட்ஜுக்கு, ரேஷன் சர்க்கரைக்கு.
நாலாவது எதிர்வீட்டுக் கருவாட்டுக் கூடைக்கு;
அவர்கள் கேட்டு, நான் வாங்கித் தந்தது.
சாவியெல்லாம் தாலிக்கயிற்றில்.
தூக்கத்தில் இவன் கை அங்கேதான் வருகிறது,
என்னைத் தேடியா என்று தெரியவில்லை.

ஷேர் ஆட்டோவில் இவனுக்கு ரெண்டு சீட் காசு.
"ஊட்டி ஊட்டியே கெடுத்துட்டா"
சங்கரா பேரம் பேசிக்கொண்டே,
என் காதுபட.
பிறந்தபோது ரெண்டே முக்கால் கிலோ,
எல்லாப் பிள்ளையும்போல.

ரத்தம் எங்கோ போய்
நாலு மாதம் கழித்துக் காகிதமாகத் திரும்பியது.
டாக்டரம்மா அதன் பின்பக்கம் படம் போட்டாள்:
உடம்பின் கொழுப்பு
மூளைக்கு ஒரு சொல் சொல்லியனுப்பும்.
போதும்.
இவன் உடம்பில் அந்தச் சொல் உண்டாகவே இல்லை.
எத்தனை சாப்பிட்டாலும்
மூளைக்கு இவன் பட்டினிப் பிள்ளை.

"சொந்தத்துலயா கட்னீங்க?"
மாமன் மகன். ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா.
வலையோ மனையோ பிரித்துக்கொடுக்க இல்லாதவர்,
ஒரு பிழையை மட்டும்
ரெண்டு வீட்டுக்கும் சரியாகப் பங்கு வைத்திருக்கிறார்.
மருந்து உண்டாம், கடல் தாண்டி.
அந்தத் தொகையை டாக்டரம்மா எழுதவில்லை,
வாயால் சொன்னாள்.
தேசிங்கின் சீட்டை பைலில் குத்திவைத்தாள்,
மீன் வாசனையோடு.

போன அமாவாசைக்கு
மாடியில் காக்காய்க்கு வைத்த சோற்றை
இவன் தின்றுவிட்டான்.
வடை, பாயசம், இலையில் ஒட்டிய பருக்கை வரை.
கை ஓங்கினேன்.
"உட்றி, தாத்தாதான் வந்து துன்னுட்டுப் போறாரு"
என்றார் இவர்,
சிரிக்கப் பார்த்து, முடியாமல்.
தாத்தா எந்தப் பஞ்சத்தைத் தாண்டி வந்தாரோ.
யாரும் கேட்டுவைக்கவில்லை.

இந்த அமாவாசைக்கு
காக்காய்க்கு ஒரு பிடி வைத்தேன்.
கொஞ்சம் தள்ளி இன்னொரு பிடி.
மாடிக்கதவைப் பூட்டவில்லை.

டாக்டரம்மாவிடம் இதை மட்டும் சொல்லவில்லை.