ஒரு பக்கத்துக்கு மிகாமல்

டிசம்பர் முழுக்க
இந்த மேசையில் நாங்கள் சாப்பிடவில்லை.
தட்டு வைக்க இடமில்லை.
வரிப் படிவங்கள், சம்பளச் சீட்டுகள்,
காப்பிக் கோப்பை விட்டுப்போன வளையங்கள்,
காகித மில் மூடிய அன்று
கர்டிஸ் கையில் கொடுத்தனுப்பிய நன்றிக் கடிதம்.
இருபத்திரண்டு வருடத்துக்கு நாலு வரி.

சிக்னிக்கு முதல் தேர்வில் ஆயிரத்து நூற்று எண்பது.
இரண்டாம் தடவை ஆயிரத்து இருநூற்றுப் பத்து.
நடுவில் இருந்த அந்த முப்பதுக்காக
டுலூத்திலிருந்து க்ளோக்கே வரை
ஐந்து சனிக்கிழமை, பனியில், வைப்பர் உறைய உறைய
காரோட்டிப் போய்வந்தேன்.
மதிப்பெண் ஒன்றுக்கு ஏழு மைலுக்குக் கொஞ்சம் குறைவு
என்றாள் வரும் வழியில்.
கணக்கில்தான் அவளுக்குக் குறைந்திருந்தது.
இந்தக் கணக்கு சரியாக வந்தது.

படிவம் கேட்டது
இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தை.
அந்த வருடம் நாங்கள் பணக்காரர்கள்.
மில் ஓடிக்கொண்டிருந்தது, ஓவர்டைம் இருந்தது,
ஒரு ஸ்னோமொபைல்கூட வாங்கினோம்.
பொய் ஒன்றும் எழுதவில்லை.
எழுதிய உண்மைக்குத்தான் காலாவதியாகியிருந்தது.

மார்ச்சில் இடம் கிடைத்தது.
திரையில் வண்ணக் காகிதத் துணுக்குகள் உதிர்ந்தன.
அவை உதிர்ந்து முடியும்வரை காத்திருந்து
கீழே போனோம்.
உதவி என்ற தலைப்பின் கீழிருந்ததை
கர்டிஸ் விரல் வைத்துப் படித்தார், வரி வரியாக.
பாதிக்கு மேல் கடன்.
"கொடுக்கிறேன்னு சொல்லிட்டுக் கேக்குறாங்களே"
என்றார், யாரையும் பார்க்காமல்.

நான் போன் செய்தேன்.
டெரன்ஸ் என்று ஒருவர், இதமான குரல்.
உங்கள் நிலைமையை விளக்கிக் கடிதம் எழுதுங்கள் அம்மா,
ஒரு பக்கத்துக்கு மிகாமல்.

பள்ளிக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம்
மளிகைப் பட்டியல்,
ஆஸ்பத்திரி லாண்டரியில்
இன்று யாருக்கு விடுப்பு என்ற பலகை.
மூன்று இரவு உட்கார்ந்தேன்.
எங்கள் இல்லாமையை
நம்பும்படியும் எழுத வேண்டும்,
கெஞ்சாமலும் எழுத வேண்டும்.

இலையுதிர் காலம் முழுக்க
அவள் கட்டுரையைப் பதினோரு முறை திருப்பிக் கொடுத்தவள் நான்:
இன்னும் கொஞ்சம் உன்னைப் பத்திச் சொல்லு.
இப்போது அவள் என் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்:
"இதுல நீ எங்கேம்மா இருக்கே?"

பேனா எடுத்தாள்.
மூன்று இடத்தில் 'மன்னிக்கவும்' இருந்தது.
மூன்றையும் அடித்தாள்.
'உங்கள் பொன்னான நேரத்தை' அடித்தாள்.
அப்புறம்
'என் கணவர் சோம்பேறி அல்ல'
என்ற இடத்தில் பேனா நின்றது.
கர்டிஸ் எங்களுக்கு முதுகைக் காட்டிப்
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.
கழுவிய பாத்திரத்தையே மறுபடியும்.
மெதுவாக, ஒரே கோடாக
அந்த வரியை அடித்தாள்.
"அதை யாரும் கேக்கலையே" என்றாள், தாழ்ந்த குரலில்.
நடுப் பத்தியில் புதைந்து கிடந்த ஒன்றைத் தூக்கி
முதல் வரியாக வைத்தாள்:
மில் சென்ற அக்டோபர் ஒன்பதாம் தேதி மூடியது.

பதினேழு வயது.
அவள் சட்டையைக்கூட இன்னும் நான்தான் மடிக்கிறேன்.

பதில் வந்தது.
இரண்டாயிரத்து முந்நூறு டாலர் கூடுதல்.
இன்னும் நாலாயிரத்து நூறு குறைகிறது,
அதுவும் ஒரு வருடத்துக்கு.
மே ஒன்றுக்குள் சொல்ல வேண்டும்.
ஸ்னோமொபைலை விற்க விளம்பரம் எழுதினார் கர்டிஸ்,
யாரிடமும் காட்டாமல், ஒன்பது வார்த்தையில்.
பனி உருகும் மாதத்தில் அதை யார் வாங்குவார்?
ஏரியில் ஐஸ் உடைந்து
வருடத்தின் முதல் கப்பல் ஊதியது ஜன்னலில் கேட்டது.

முழங்கையால் காகிதங்களை ஓரம் தள்ளி
வறுத்த மீனை நடுவில் வைத்தார்.
டிசம்பருக்கப்புறம் இந்த மேசையில் இதுதான் முதல் தடவை.
யாரும் தொகையைப் பேசவில்லை.
உப்பு எங்கே என்று கேட்டாள் சிக்னி.

படிவங்களுக்கு அடியில் இருந்தது.