ஏழு மூடி

செந்தூலில், பழைய ரயில் பட்டறையின் பின்சுவரை ஒட்டி
என் கடை.
ஆரோக்கியமேரி வாஜாவை வாசலிலேயே நிறுத்தினாள்.
சாவியைத் தரவில்லை.
"முதல்ல இதைப் படி" என்று
ஒரு நோட்டை நீட்டினாள்.

பள்ளிக்கூட நோட்டு. அட்டையில்
ஏதோ பிள்ளையின் பெயரை அடித்திருந்தது.
உள்ளே
தேதி, ஓடிய தூரம், ஊற்றிய தண்ணீர்.
இருமல் மருந்து மூடியால் அளந்திருக்கிறாள்.
மூன்று மூடி. மூன்று. நான்கு.
தீபாவளிக்கு முதல் நாள் இரண்டு.
பிறகு ஏழு.

கெப்போங்கில் ஒருவன் பானெட்டைக்கூடத் திறக்காமல்
ஹெட் கேஸ்கெட், இரண்டாயிரத்து முந்நூறு வெள்ளி என்றானாம்.
இன்னொருவன் ரேடியேட்டர் மூடியை மாற்றி
இருபது வெள்ளி வாங்கினானாம்.
"ரெண்டுக்கும் நடுவுல எங்கேயாவது
உண்மை உட்கார்ந்திருக்கும் இல்ல?"
கோபமில்லை. விடிய விடிய
விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றி இறக்கிய குரல்.

எண்ணெய் மூடியைக் கழற்றினேன்.
பால் ஊற்றிய கோப்பி நிறத்தை எதிர்பார்த்த விரலில்
கறுப்பு, நல்ல கறுப்பு.
ஹோஸ்கள் காய்ந்திருந்தன. பம்புக்கு அடியில் தடமில்லை.
அவள் கார் நிறுத்தும் இடத்தில்
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தே பார்த்துவிட்டாளாம்,
ஒரு சொட்டு விழவில்லை.
தண்ணீர் போகிறது.
போன கதவு தெரியவில்லை.

நீல மருந்தை எடுத்தேன்.
ரேடியேட்டர் வாயில் குழாயை அமர்த்தி
எஞ்சினை ஓடவிட்டேன்.
எரிந்த புகை உள்ளே கலந்தால்
நீலம் மஞ்சளாகும்.
இருவரும் குனிந்து நின்றோம்,
உலையில் அரிசி வெந்ததா என்று பார்ப்பவர்களைப் போல.
விசிறி சுற்றி நின்றது. மறுபடி சுற்றியது.
கொம்யூட்டர் ரயில் ஒன்று போனது.
நீலம் நீலமாகவே இருந்தது.

"தப்பிச்சேனா?"

"கேட்ட கேள்விக்கு மட்டும்தான் இது பதில் சொல்லும்.
புகை தண்ணிக்குள்ள வருதான்னு கேட்டேன்.
தண்ணி நெருப்புக்குள்ள போகுதான்னு
இன்னும் கேட்கல."

நோட்டை மறுபடி புரட்டினேன்.
ஞாயிறு, ஓடவில்லை. திங்கள், ஏழு மூடி.
ஞாயிறு, ஓடவில்லை. திங்கள், ஆறரை.
ஓடிக் களைத்த நாளில் குறைவு,
சும்மா நின்ற நாளில் அதிகம்.

"திங்கக்கிழமை காலையில ஸ்டார்ட் பண்ணினா?"
"குலுங்கும். பத்து எண்றதுக்குள்ள சரியாயிடும்.
கொஞ்சம் வெள்ளைப் புகை. குளிருன்னு நெனச்சேன்."
"கோலாலம்பூர்ல?"
அவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

அன்று மாலை காற்றுப் பம்பைப் பூட்டி
ஊசியைப் பதினைந்தில் நிறுத்தி
கதவை இழுத்து மூடினேன்.
வீட்டில் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய்.
தூங்கினேன்.
ஆனால் ஏழு மணிக்கே வந்துவிட்டேன்.
எனக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள், கையில் தே ஓ பொட்டலம்.

ஊசி பதினொன்றில்.
தரை காய்ந்திருந்தது.

பிளக்குகளைக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தேன்.
மூன்று பழுப்பு.
மூன்றாம் சிலிண்டருடையது மட்டும்
கழுவித் துடைத்த மாதிரி வெள்ளை.
எஞ்சினுக்குள் இவ்வளவு சுத்தம் ஆகாது.

"சாவியைத் திருப்புங்க, லேசா."
மூன்றாம் துளையின்மேல் கையைப் பிடித்தேன்.
புஸ் என்று ஒரு தூறல்.
உள்ளங்கையில் ஈரம்;
என்றோ ஊற்றிய பச்சை மருந்தின்
மிச்ச இனிப்பு வாசனை.

"நிச்சயமா?"
"தொண்ணூறு. மிச்சம் பத்து ஹெட்டைத் திறந்தாத்தான்.
கேஸ்கெட்டா இருந்தா ஆயிரத்து நானூறு.
ஹெட்டே வெடிச்சிருந்தா
அப்போ உட்கார்ந்து பேசுவோம்."

அவள் கணக்குப் போட்டாள், உதடு அசையாமல்.
எத்தனை விமானம், எத்தனை இரவு,
எனக்குத் தெரியாது.
பிறகு நோட்டைத் திறந்து தேதி எழுதினாள்.
தூரம்: பூஜ்யம்.
பேனாவை நிறுத்தி என் கையைப் பார்த்தாள்.

"இதை எத்தனை மூடின்னு எழுத?"

விரல்களை மடக்கிப் பார்த்தேன்.
"ஒண்ணுகூட வராது."

அரை என்று எழுதினாள்.
பக்கத்தில், அழுத்தி,
கிடைத்தது.